சட்டவிரோத நுரை

அத்தியாயம் 6

மனநல டாக்டர் ஹோல்ட்ஸ்மனின் சோபாவில் படுத்திருந்த நோயாளி தன் அம்மாவைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள், பக்கத்துக் குளியலறையின் கைகழுவும் தொட்டியில் நுரை எழும்ப ஆரம்பித்துவிட்டது.

முதலில் குழாயின் அடித்தொண்டையிலிருந்து ஒரு ஏப்பம். பிறகு வெள்ளையாக, சாவகாசமாக, அழைப்பிதழோடு வந்த விருந்தாளி மாதிரி நுரை தொட்டியை நிறைத்து, விளிம்பைத் தாண்டி, தரையில் இறங்கி, சோபாவை நோக்கி நகர்ந்தது.

"டாக்டர், மறுபடியும் வந்துடுச்சு," என்றார் நோயாளி, எழுந்திருக்காமலே. "இதுக்கும் எங்கம்மாதான் காரணமா?"

"இல்ல. இதுக்கு ஒன்பதாவது மாடி காரணம்," என்ற டாக்டர், வெளிக்கூடத்தில் காத்திருந்த இருவரையும் கையசைத்து உள்ளே கூப்பிட்டார்.

முன்னால் வந்தவர் ஹெஸ்டர் லோவன்தால். ஐம்பத்தொன்பது வயது. எரியாத தீக்கும் திருடு போகாத நகைக்கும் பணம் கேட்டவர்களை ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காக வெகுகாலம் விசாரித்துவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறிபவர். பின்னால் வந்தவன் அவருடைய உதவியாளன் ஆர்செனியோ. ஊரின் வடகோடியில் வாஷிங்டன் ஹைட்ஸில் பிறந்து வளர்ந்தவன். அவனுடைய வாய் எப்போதும் அவனுக்கு இரண்டடி முன்னால் நடக்கும்.

ஹெஸ்டர் குனிந்து விரலில் கொஞ்சம் நுரையை எடுத்து முகர்ந்தார்.

"எலுமிச்சை," என்றார்.

"நாக்குல வச்சுப் பார்க்கலையா பாஸ்? சினிமாவுல போலீஸ்காரங்க அப்படித்தான் பண்றாங்க."

"நீ வச்சுப் பாரு. உன் வாயைத்தான் கழுவணும்."

ஆல்டர்கேட் என்ற அந்தக் கட்டடத்தில் பெரிய குற்றம் எது என்று கேட்டால், யாரும் கொலை என்று சொல்லமாட்டார்கள். அது நிற்கிற வெஸ்ட் எண்ட் அவென்யூவில் கொலையாளிக்குக்கூட நல்ல வக்கீலை அறிமுகப்படுத்தி வைப்பார்கள். ஆனால் வீட்டுக்குள் வாஷிங் மெஷின் வைத்திருப்பவரிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். கட்டடம் போருக்கு முந்தியது; குழாய்களும் அப்படியே. மேலே யாராவது மெஷின் ஓட்டினால் சோப்பு நுரை குழாய் வழியே இறங்கும். அடியில் போக இடமில்லாமல், கீழே இருக்கிற முதல் தொட்டி வழியாக மேலே ஏறிவிடும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சி வரிசை வீடுகளுக்கெல்லாம் அடியில் இருக்கிற முதல் தொட்டி டாக்டருடையது. அதனால்தான் அடித்தளத்தில் பொது மெஷின்கள் இருக்கின்றன. அழுக்குக் கூடையோடு எல்லாரும் அங்கேதான் இறங்க வேண்டும் என்பது கட்டடத்தின் விதி.

"மூணு மாசமா இந்த நுரை," என்றார் டாக்டர். "கமிட்டிகிட்ட சொல்லிட்டேன். ஆளைக் கண்டுபிடிங்க, இல்லன்னா கட்டடத்து மேலயே வழக்குப் போடுவேன்னு. அவங்களும் கண்டுபிடிச்சிட்டாங்க. ஒன்பது சி, மிஸ் கிரான்ஸ்."

"எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"

"அக்டோபர்லேர்ந்து அந்தம்மாவை அடித்தளத்துல யாரும் பார்க்கல. துவைக்காம யாராலயும் இருக்க முடியாது. அப்ப வீட்டுலதான துவைக்கணும்?"

"அவங்க வீட்டை ரெண்டு தடவை சோதனை போட்டாங்களே. மெஷின் கிடைக்கலையே?"

"ஆமா. அதனால அவங்க ரொம்ப சாமர்த்தியசாலின்னு கமிட்டி முடிவு பண்ணிடுச்சு."

"இதுல யாரு டாக்டர், யாரு நோயாளி?" என்று ஆர்செனியோ சோபாவைப் பார்த்துக் கேட்டான். சோபாவில் இருந்தவர் தோளைக் குலுக்கினார்.

நான்கு மணிக்குப் பங்குதாரர்கள் கூட்டம். இந்த மாதிரிக் கட்டடங்களில் யாருக்கும் சொந்த வீடு கிடையாது. கட்டடத்தில் பங்குதான் சொந்தம். பங்கு இருக்கிறவரை வீட்டில் இருக்கலாம். மூன்றில் இரண்டு பங்கு கைகள் உயர்ந்தால், ஓட்டிலி கிரான்ஸின் பங்கைப் பறித்து விற்றுவிட்டு அவரை வெளியே அனுப்பிவிடலாம். எழுபத்துநாலு வயதில், நாற்பது வருடம் இருந்த வீட்டிலிருந்து. அவர்தான் ஹெஸ்டரை அமர்த்தியிருந்தார்.

முகப்புக் கூடத்தில் கமிட்டித் தலைவர் விட்லாக் பர்சிங் கூட்டத்துக்காக நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார். கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி முடிந்த டை. குனிந்தபோது காற்சட்டை மேலேறி, பச்சை சாக்ஸும் அதில் அணிவகுத்துப் போகிற மஞ்சள் வாத்துகளும் தெரிந்தன. பத்து சி அவருடையது. அதாவது மிஸ் கிரான்ஸின் கூரைதான் அவருடைய தரை.

அதே நேரம் வாசல்காரர் பித்தளைக் கதவைத் திறந்துவிட, தொப்பியில் பனியும் கையில் வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவின் பெட்டியுமாக ஓட்டிலி கிரான்ஸ் உள்ளே வந்தார்.

"பாஸ், நம்ம கட்சிக்காரம்மா வெளியிலிருந்து வர்றாங்க," என்று ஆர்செனியோ முணுமுணுத்தான். "நுரை வந்தப்ப வீட்டுல இல்ல. கேஸ் முடிஞ்சுது. வாங்க சாப்பிடப் போவோம்."

"மெஷினைப் போட்டுட்டு வெளிய போறவங்கதான் உலகத்துல பாதிப் பேர்."

"ஒத்திகையா மிஸ் கிரான்ஸ்?" என்றார் பர்சிங், தேன் தடவிய குரலில்.

"ஆமா."

"இந்தப் பனியிலயா? பாவம். ரிவர்டேல்ல நல்ல முதியோர் குடியிருப்பு ஒண்ணு இருக்கு. எங்க அத்தை அங்கதான் இருந்தாங்க. துணிகூட அவங்களே துவைச்சுக் குடுத்துடுவாங்க."

"உங்க அத்தை இப்ப எப்படி இருக்காங்க?"

"போயிட்டாங்க."

"அப்ப துவைச்சது சரியில்ல போலிருக்கு," என்ற ஓட்டிலி லிஃப்டுக்குள் ஏறினார்.

லிஃப்ட் மெதுவாக ஏறும்போது, கூடவே வந்த இருவரிடமும் அவர் சொன்னார். "போன மாசம் பர்சிங்கோட பொண்டாட்டி எங்க வீட்டுக் கூரையைப் பார்க்கணும்னு வந்தா. கூடவே ஒரு கட்டடக் கலைஞர். ரெண்டு வீட்டுக்கும் நடுவுல மாடிப்படி எங்க வரும்னு என் சாப்பாட்டு அறையில நின்னு பேசினாங்க. நான் காபி ஊத்திக்கிட்டு இருக்கேன். என்னைக் கேட்கல. சர்க்கரையை மட்டும் கேட்டாங்க."

ஒன்பது சி ஏழு அறைகள் கொண்ட வீடு. கதவுக்குப் பின்னால் நீண்ட கூடம், மீன்முள் மாதிரி அடுக்கிய ஓக் பலகைத் தரை, ஒட்டகச்சிவிங்கி வளர்க்கலாம் போன்ற உயரக் கூரை. வருடக்கணக்கில் பூச்சு மேல் பூச்சு ஏறியதில் ஒரு கதவும் ஒழுங்காக மூடாது, ஒரு அலமாரியும் ஒழுங்காகத் திறக்காது. இந்த மாதிரி ஒரு வீட்டுக்காக இந்த ஊரில் அண்ணன் தம்பி பேசாமல் போயிருக்கிறார்கள். விற்பவர்கள் 'போருக்கு முந்தியது' என்று சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். எந்தப் போர் என்று யாரும் கேட்பதில்லை.

வெளியே ஜனவரி, உள்ளே ஜூலை. அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்கள் சீறிக்கொண்டிருந்தன. அடித்தளத்துக் கொதிகலன் மனசு வைத்தால் நீராவி வரும். யாராலும் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஹெஸ்டர் கோட்டையும் ஸ்வெட்டரையும் கழற்றி நாற்காலியில் போட்டார். ஒவ்வொரு அறையிலும் ஜன்னல் கையளவு உயர்த்தி வைக்கப்பட்டு, பனிக்காற்று திரைச்சீலையை ஆட்டிக்கொண்டிருந்தது.

"தேடிக்கோங்க," என்றார் ஓட்டிலி. "எல்லாரும் தேடிட்டாங்க. நீங்க மட்டும் ஏன் பாக்கி?"

ஆர்செனியோ குளியல் தொட்டிக்குள் படுத்துப் பார்த்தான். அலமாரிகளைத் தட்டிப் பார்த்தான். சமையலறைக்குப் பின்னால் ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடும் வேலைக்காரி அறையில் இசைத்தாள்கள்தான் அடுக்கியிருந்தன. திரும்பி வரும்போது கூடத்தில் வைத்திருந்த வயோலாப் பெட்டியில் கால் இடறியது. தூக்கி ஓரமாக வைக்கப் போனவன், கையை மேலும் கீழும் ஆட்டினான்.

"அம்மா, இந்த வயோலா எவ்வளவு சாப்பிடும்?"

"அதை வச்சிடு தம்பி."

"ஈரமாவும் இருக்கு. குளிச்சுட்டு வந்துதா?"

ஹெஸ்டர் பெட்டியின் கொக்கிகளைத் திறந்தார். உள்ளே வயோலா இல்லை. ஒழுங்காக மடித்த தலையணை உறைகள், துண்டுகள், இரண்டு இரவு உடைகள். இன்னும் கொஞ்சம் ஈரம். லாவெண்டர் வாசனை.



"மிஸ் கிரான்ஸ்," என்றார் ஹெஸ்டர், "என்கிட்ட பொய் சொல்றவங்களுக்கு நான் தனியா வசூல் பண்றதில்ல. ஆனா காரணம் கேட்பேன்."

ஓட்டிலி சாப்பாட்டு மேசை நாற்காலியில் போய் உட்கார்ந்தார். நெற்றிவரை சிவந்திருந்தது.

"ஒருத்தர் வீட்டுல துவைக்கிறேன். சனிக்கிழமை சனிக்கிழமை."

"யாரு?"

"மார்ட்டிமர். பல் டாக்டரா இருந்து ஓய்வு பெத்தவர். மனைவி இறந்து ஆறு வருஷம் ஆச்சு. அவர் வீட்டுல மெஷின் வச்சுக்கலாம்."

"இதை ஏன் மூணு மாசமா யாருகிட்டயும் சொல்லல? கமிட்டி கேட்டப்பவே சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே?"

ஓட்டிலி தரையைப் பார்த்தபடி, அவர்களுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார். "அவர் ஈஸ்ட் சைடு."

ஆர்செனியோ தொப்பியைக் கழற்றினான். ஊரை நடுவில் பிரிக்கிற பார்க்குக்கு அந்தப் பக்கம், ஈஸ்ட் சைடில், காதலர் வைத்திருப்பது வெஸ்ட் எண்ட் அவென்யூவில் எப்படிப்பட்ட மானக்கேடு என்று அவனுக்கும் தெரியும்.

"இதுக்கு மெஷினே வச்சிருக்கலாம்," என்றான்.

"அவரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு அங்கயே போயிடலாமே?" என்றார் ஹெஸ்டர். "இந்தக் கூட்டம், கமிட்டி ஒண்ணும் வேண்டாம்."

"கேட்டாரு. ரெண்டு தடவை கேட்டாரு." ஓட்டிலி கூரையை நிமிர்ந்து பார்த்தார். "அவர் வீடு போருக்குப் பிந்தியது. தலைக்கு மேல ஒரு முழம் இருந்தா அதிகம். வாசிச்சா சத்தம் எங்கயும் போகாம காலடியிலயே விழுந்துடுது. இங்க வாசிச்சா அது போய், அந்தக் கூடத்து மூலை வரைக்கும் பார்த்துட்டு, திரும்பி வரும். இந்த மேசையைச் சுத்தித்தான் நாங்க நாலு பேரு மாசாமாசம் வாசிக்கிறோம். இந்த அறையை விட்டுட்டு எங்க போய் வாசிக்கிறது நான்? இங்க மாடிப்படி போடப் போறாங்களாம்."

அவர் குரல் உடையவில்லை. கை மட்டும் மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தது.

"கூட்டத்துல மார்ட்டிமர் பேரு வரக்கூடாது," என்றார் பிறகு. "சத்தியம் பண்ணுங்க."

"வராது," என்றார் ஹெஸ்டர். "கீழ வந்த நுரை எலுமிச்சை. உங்க துணி லாவெண்டர். அது உங்க நுரை இல்லன்னு எனக்குத் தெரியும். கூட்டத்துக்குத் தெரியாது. அப்ப மெஷின் யாருதுன்னு கண்டுபிடிக்கணும்."

"எப்படி பாஸ்? சி வரிசையில ஒவ்வொரு கதவா தட்டி 'உங்க நுரை இருக்கா'ன்னு கேட்கறதா? இந்தக் கட்டடத்துல கமிட்டி அனுமதி இல்லாம கனவுகூட உள்ள வராது."

ஹெஸ்டர் சமையலறைக்குப் பின்னால் இருந்த வேலைக்காரி அறைக்குப் போனார். எல்லா மாடியிலும் அதே இடத்தில் அதே அறை. இந்தக் காலத்தில் வேலைக்காரி யாரும் தங்குவதில்லை. தண்ணீர்க் குழாய் பக்கத்திலேயே இருக்கிறது. கதவைச் சாத்தினால் விருந்தாளி கண்ணில் படாது. மெஷினை ஒளிக்க வேண்டுமென்றால் இங்கேதான். ஒரே ஒரு ஜன்னல், கட்டடத்தின் உள்முற்றத்தைப் பார்த்து.

"இந்த ஜன்னல் எப்பவும் திறந்துதான் இருக்குமா?" என்று கேட்டார்.

"ஏப்ரல் வரைக்கும்," என்றார் ஓட்டிலி. "மூடினா வெந்துடுவோம். எல்லாரும் திறந்துதான் வச்சிருப்போம். இது கூடவா தெரியாது உங்களுக்கு?"

"தெரியும். நானும் இந்த மாதிரி ஒரு வீட்டுலதான் நாப்பது வருஷமா வேகறேன். அதனாலதான் கேட்டேன். ஆர்செனியோ, உன் வீட்டுல துவைச்ச துணியைக் குளிர்காலத்துல எங்க காயப்போடுவ?"

"ரேடியேட்டர் மேலதான். அம்மா அப்பல்லாம் அந்த ரூம் ஜன்னலைச் சாத்திடுவாங்க. வெப்பம் வெளிய போயிட்டா துணி காயாதாம்."

"கண்ணாடி?"

"பூரா ஆவி பிடிச்சுக்கும். அதுல நான் படம் வரைவேன்." அவன் நிறுத்தினான். வாய் முதல்முறையாக அவனுக்குப் பின்னால் போயிருந்தது. "பாஸ். நீங்க பெரிய ஆளு."

"முற்றத்துல எந்த ஜன்னல்லேர்ந்து சத்தம் வந்தாலும் எல்லா வீட்டுக்கும் கேட்கும். மெஷின் ஓட்டறவங்களுக்குச் சாத்த அதுவும் ஒரு காரணம். ஜனவரில இந்தக் கட்டடத்துல ஜன்னலை மூடிட்டு உட்கார்றவங்களுக்கு ஒண்ணு காய்ச்சல் இருக்கணும், இல்ல காயப்போட துணி இருக்கணும். கீழ போய் நிமிர்ந்து பார்ப்போம். எந்த ஜன்னல் சாத்தியிருக்கோ அவர்தான்."

முற்றத்துக் கதவின் சாவி கட்டட மேற்பார்வையாளர் பெஸ்னிக்கிடம் இருந்தது. அல்பேனியாவிலிருந்து வந்தவர், தோளகலம் கதவகலம். கதவைத் திறந்துவிட்டார், ஆனால் வாசற்படியிலேயே நின்றுகொண்டார்.

"நீங்க வரலையா?" என்றார் ஹெஸ்டர்.

"எனக்குக் கழுத்து வலி. நிமிர முடியாது."

"எப்பலேர்ந்து?"

"டிசம்பர்லேர்ந்து. எல்லாரும் கிறிஸ்துமஸுக்குக் கவர்ல காசு போட்டுக் குடுத்தாங்க. அன்னைக்குப் பிடிச்சுது."

"பல வீடு குடுத்தா பல வியாதி வருமே," என்றான் ஆர்செனியோ.

"கண்ணும் சரியில்ல," என்றார் பெஸ்னிக் அமைதியாக. "காது போன வருஷமே போச்சு."

முற்றம் ஒரு கிணறு மாதிரி இருந்தது. அடியில் மிதிபடாத பனி, நாலு பக்கமும் அழுக்குச் செங்கல், மேலே தபால்தலை அளவுக்கு வானம். சி வரிசையின் வேலைக்காரி அறை ஜன்னல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூரைவரை ஏறிப்போயின.

ஆர்செனியோ தலையைப் பின்னால் சாய்த்து, கீழிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனான். பாதியில் தொப்பி விழுந்தது. எடுக்கவில்லை.

"பாஸ், ஒரு ஜன்னல் சாத்தியிருக்கும்னு சொன்னீங்க."

"ஆமா."

"தலைகீழாச் சொல்லிட்டீங்க. ஒரு ஜன்னல்தான் திறந்திருக்கு."

ஹெஸ்டரும் பார்த்தார். இரண்டாம் மாடி, சாத்தியிருந்தது. மூன்று, நான்கு, ஐந்து, சாத்தி, கண்ணாடியில் ஆவி. ஏழில் ஆவிக்குப் பின்னால் ஒரு போர்வையின் நிழல். பத்திலும் ஆவி. உச்சிவரைக்கும் அப்படியே. நடுவில் ஒன்பதாம் மாடியில் மட்டும் ஜன்னல் கையளவு உயர்ந்து, திரைச்சீலை வெளியே நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை. ஆல்டர்கேட் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தது.

"இப்ப நம்ம கட்சிக்காரம்மாவை வெளிய அனுப்ப ஓட்டுப் போடப் போறவங்க..." என்று ஆரம்பித்தான் ஆர்செனியோ.

"எல்லாரும்தான்."

"அந்தம்மா ஒருத்திகிட்டதான் மெஷின் இல்ல."

"அதனாலதான் அவங்க மேல போட்டாங்க. மத்த வீட்டுல தேடினா கிடைச்சிடுமே." ஹெஸ்டர் அவனுடைய தொப்பியை எடுத்துப் பனியைத் தட்டிக் கொடுத்தார். "நீ இங்கயே இரு. நாலு மணிக்கு மேல என்ன நடக்குதுன்னு பார்த்துட்டு வா."

"இந்தக் குளிர்லயா? எனக்கும் கழுத்து வலி வருதே பாஸ்."

"உனக்கு யாரும் கவர் குடுக்கல."

நான்கு மணிக்கு முகப்புக் கூடம் நிறைந்திருந்தது. ஏ, பி, சி மூன்று வரிசைக்காரர்களும் வந்திருந்தார்கள். ஓட்டிலி முதல் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், மேடையேறப் போகிறவர் மாதிரி. டாக்டர் ஹோல்ட்ஸ்மன் ஓரமாக நின்றார். அவர் வாடகைக்காரர், ஓட்டு இல்லை, கோபம் மட்டும் உண்டு.

பர்சிங் மேசையைத் தட்டினார். "நம்ம எல்லாருக்கும் மனசு கஷ்டமான நாள் இது," என்று தொடங்கி, விதிகள், அக்கம்பக்கம், நம்பிக்கை என்று பேசினார். பொதுக் குழாய் என்பது பொது மனசாட்சி மாதிரி என்றார். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "ஓட்டுக்கு விடறதுக்கு முன்னாடி மிஸ் கிரான்ஸ் சார்பா யாராவது பேசணுமா?"

ஹெஸ்டர் எழுந்தார்.

"நான் யாரையும் குத்தம் சொல்ல வரல. மிஸ் கிரான்ஸ் துணியை எங்க துவைக்கிறாங்கங்கறது அவங்க சொந்த விஷயம். ஒரே ஒரு விஷயம் சொல்லிட்டு உட்கார்ந்துடறேன். சி வரிசையில வேலைக்காரி அறை ஜன்னல் எல்லாத்தையும் இன்னைக்கு மதியம் முற்றத்துலேர்ந்து பார்த்தேன்."

எங்கோ ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

"உங்களுக்குத் தெரியாததா? நீராவி சீறிக்கிட்டு இருக்கு. ஜனவரில இந்த மாதிரி கட்டடத்துல ஜன்னலைத் திறந்து வைக்காம யாரும் மூச்சு விட முடியாது. காயற துணி இருந்தாலொழிய யாரும் சாத்தமாட்டாங்க. ஒன்பது சி ஜன்னல் திறந்திருக்கு. மத்தது எப்படி இருக்குன்னு நான் சொல்லப்போறதில்ல. இன்னும் வெளிச்சம் இருக்கு. என் உதவியாளன் முற்றத்துல நிக்கிறான். கொஞ்ச நேரத்துல எல்லாரும் சேர்ந்து போய், ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துட்டு வந்து, அப்புறம் ஓட்டுப் போடலாம். அவ்வளவுதான்."

அவர் உட்கார்ந்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

முதலில் எழுந்தது ஆறாம் மாடிப் பெண்மணி. "அடுப்புல சூப் வச்சிட்டு வந்துட்டேன்," என்றார் பொதுவாக.

"எனக்கும் அந்த சூப் ஞாபகம் வந்துடுச்சு," என்று நாலாம் மாடிக்காரர் எழுந்தார். அது யாருடைய சூப் என்று யாரும் கேட்கவில்லை.

மூன்றாமவருக்கு நாய் குரைப்பது கேட்டது. அவரிடம் நாய் கிடையாது. அதற்குள் லிஃப்ட் நிறைந்துவிட்டது. கதவு மூடாமல் ஒருவர் கால் நீட்டிக்கொண்டிருந்தார். மீதிப் பேர் படிக்கட்டுக்கு ஓடினார்கள். போன வசந்தத்தில் இடுப்பெலும்பு மாற்றிக்கொண்ட எட்டாம் மாடி நீதிபதி, இரண்டிரண்டு படியாகத் தாவிப்போனார். இதில் ஒரு விசேஷம். ஹெஸ்டர் சொன்னது சி வரிசையை மட்டும். ஏ வரிசையும் பி வரிசையும் அவர்களுக்கு முன்னால் ஓடின.

"எல்லாரும் உட்காருங்க," என்று பர்சிங் மேசையைத் தட்டினார். "கூட்டம் நடக்குது." பிறகு மனைவியைப் பார்த்தார். ஒரு நொடிதான் பார்த்தார். மனைவி கைப்பையை அவர் மடியில் போட்டுவிட்டுப் படியேறினாள்.

கூடத்தில் நாற்காலிகளும், ஓட்டிலியும், ஹெஸ்டரும், டாக்டரும், மேசையைத் தட்டிய மரச் சுத்தியலைப் பிடித்தபடி பர்சிங்கும் மிஞ்சினார்கள்.

"ஓட்டெடுக்கப் போதுமான தலை இருக்கா?" என்று கேட்டார் ஹெஸ்டர்.

பர்சிங் சுத்தியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கூட்டம் பாதியில கலைஞ்சா அதே குற்றச்சாட்டை மறுபடி கொண்டுவர ஒரு வருஷம் ஆகணும்னு உங்க விதி சொல்லுது. நீங்களே கொண்டுவந்த விதி, உங்க பியானோவைப் பத்திப் புகார் வந்தப்ப."

"அடுத்த வருஷம் கொண்டுவருவேன்," என்றார் பர்சிங். "நான் விதிப்படி நடக்கறவன். என் வீட்டுல எந்த மெஷினும் கிடையாது."

முற்றத்துக் கதவு திறந்தது. தலையிலும் தோளிலும் பனியோடு ஆர்செனியோ வந்தான். மூக்கு சிவந்திருந்தது, முகத்தில் பண்டிகை.

"பாஸ், அந்தக் காட்சியை நீங்க பார்த்திருக்கணும். ஜன்னல் ஒண்ணொண்ணா மேல போகுது, பியானோ வாசிக்கற மாதிரி. எல்லாத்துலேர்ந்தும் ஆவி. கட்டடமே குளிச்சுட்டு வெளிய வந்த மாதிரி இருந்துது. பத்தாவது மாடியில ஒரு அம்மா ஜன்னலை ஒரே தூக்கா தூக்கினாங்க. ஏதோ ஒண்ணு பறந்து வந்து என் தலை மேல விழுந்துது."

அவன் கையை நீட்டினான். பச்சை சாக்ஸ் ஒன்று. இன்னும் இளஞ்சூடு, பாதி ஈரம், எலுமிச்சை வாசனை. அதில் மஞ்சள் வாத்துகள் அணிவகுத்துப் போய்க்கொண்டிருந்தன.

எல்லாருடைய கண்ணும் மெதுவாகத் தரைக்கு இறங்கியது. பர்சிங் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். கொஞ்சம் தாமதம்.

டாக்டர் ஹோல்ட்ஸ்மன் அருகே வந்து, சாக்ஸை வாங்கி, மூக்கருகே வைத்துப் பார்த்தார். "மூணு மாசமா என் சோபாவுக்கு வந்து போனது உங்க வாத்தா?"

"டாக்டர், இதைத் தனியாப் பேசலாம்," என்றார் பர்சிங்.

"பேசலாம். செவ்வாய்க்கிழமை காலியா இருக்கு. படுத்துக்கிட்டே பேசுவோம்."

பர்சிங் சுத்தியலை மேசைமேல் வைத்தார். "கூட்டம் கலைக்கப்பட்டது," என்று காலி நாற்காலிகளிடம் அறிவித்துவிட்டு, மனைவியின் கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு படியேறினார். லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை.

ஓட்டிலி அப்போதுதான் மூச்சை விட்டார். ஹெஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு நீண்ட ஸ்வரம் நீள்கிற நேரம் அப்படியே நின்றார். பிறகு கையை விட்டுவிட்டுத் தொப்பியைச் சரிசெய்தார்.

"மேல வாங்க. நாளைக்கு நாலு பேரும் வாசிக்கிறோம். இன்னைக்கு காபி மட்டும்தான்."

லிஃப்டில் ஏறும்போது ஆர்செனியோ சொன்னான். "அம்மா, இனிமே பயமே இல்ல. தைரியமா ஒரு மெஷின் வாங்கிப் போடுங்க. நானே தூக்கிட்டு வரேன். இந்தக் கட்டடத்துல ஒருத்தரும் வாயைத் திறக்கமாட்டாங்க. ஜன்னலை மட்டும்தான் திறப்பாங்க."

ஓட்டிலி அவனை ஏற இறங்கப் பார்த்தார், எண்கணிதத்தில் தோற்ற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி.

"மெஷின் வாங்கிட்டா," என்றார், "சனிக்கிழமை நான் என்ன சாக்கு சொல்லி ஈஸ்ட் சைடு போறதாம்?"